காது கேளாத வெள்ளைக் குட்டி

இன்று காலை ஆர்மோனியத்தைத் துடைத்தபோது துருத்தி மடிப்பில் வெள்ளை முடிகள் சிக்கியிருந்தன. உன்னிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது. நீ போன பின்பும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் நம் தறிகள் பக்கத்துப் பக்கத்தில். அந்த இரைச்சலுக்குள் நீ பாட்டுக்கு வரி சொல்வாய், நான் மெட்டுக் கட்டுவேன். ஞாயிறு சர்ச்சில் பாடுவோம். "ஏட்டி, ரொம்ப இழுக்காத, கர்த்தருக்கே தூக்கம் வந்துரும்" என்பாய்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரில்லாமல் கொண்டுவந்த பிறகு ஆர்மோனியத்தை நான் திறக்கவில்லை. பாடக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன். உண்மையில் அலுப்பு. வேலை, டவுன் பஸ், சோறு, தூக்கம். அவ்வளவுதான் நான்.

போன மழைக்காலத்தில் உன் வீட்டுக்காரர் ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியோடு வந்தார்.

"இதுக்குக் காது கேக்காது தங்கச்சி. வளத்தவிய வேண்டாம்னு தள்ளிட்டாவ. நான் ஷிப்டுக்குப் போனா ஒத்தையில கெடக்கும்."

"எனக்கே கஞ்சி வைக்க ஏலல அண்ணே."

"கொஞ்ச நாளைக்கு வச்சிக்கோ."

பிறகு அவரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கூப்பிட்டால் திரும்பாது. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து ஓடிவரும். ஒரு சாயங்காலம் துருத்தியை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க ஆர்மோனியத்தை அமுக்கினேன். குட்டி வந்து அதன் மரப்பெட்டிமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியது. நிறுத்தினேன், தலையைத் தூக்கி முறைத்தது. மேல் ஸ்வரங்கள் அதற்கு வேண்டாம். கீழ் ஸ்வரத்துக்குத்தான் வால் ஆடியது. அதற்காகவே கீழேயே வாசிக்க, நான் அதுவரை கட்டாத ஒரு மெட்டு வந்தது. சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

வரி சொல்லத்தான் ஆளில்லை. நானே எழுதினேன். இரண்டாவது வரி இடிக்கிறது. நீ இருந்தால் திருத்தியிருப்பாய். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அலுப்பு போய்விடவில்லை. தறியில் நின்று வந்தால் முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. போன ஞாயிறு அந்தக் காலோடுதான் சர்ச்சுக்குப் போனேன். நீ எப்போதும் உட்காரும் என் வலப்பக்கம் இடம் விட்டே உட்கார்ந்தேன். பாட்டுக் குழுவுக்குப் புதிதாக வந்த பெண் தயங்கி நின்றாள்.

"இங்க யாரும் வாராகளா அக்கா?"

"இல்ல, உக்காரு" என்றேன். பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். பாட்டு தொடங்கியதும் என் குரல் நிற்காமல் வந்தது.