முந்தானையில் ஒரு பிடி அரிசி

அக்கரையில் இருக்கும் உங்களுக்கு,

தெமியாங் முதியோர் இல்லத்தில் உங்கள் அம்மா நலம். அத்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சும்மா இருந்தால் அழுகிறார் என்று ஆயா முறத்தில் அரிசி கொடுத்துக் கல் பொறுக்க வைத்தாள். அழுகை நின்றுவிட்டது.

தினமும் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொள்கிறார். "எம்புள்ள காட்டுல பசியோட கெடப்பான்" என்கிறார். காட்டிலிருந்து வெள்ளைக்காரனை எதிர்த்த உங்களைப் பிடித்து நாடு கடத்தியது அவர் நினைவில் இல்லை. காட்டுக்கு அரிசி போகக் கூடாதென்று அன்று ரப்பர் தோட்டத்து கேட்டில் பட்டாளத்தான் அவிழ்த்த முடிச்சை இங்கே ஆயா அவிழ்க்கிறாள், அவர் தூங்கிய பிறகு. மறுநாளும் அதே அரிசிதான்.

நேற்று அத்தை முடிச்சுப் போடவில்லை.

"புள்ளைக்கு வேணாமா அத்தை?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ள?"

நானே ஒரு பிடி எடுத்து அவர் முந்தானையில் முடிந்துவிட்டு பஸ் ஏறினேன்.

இங்கே மழை.

உங்கள் மனைவி