பத்து விரலுக்கும் தேங்காய் எண்ணெய்

என் அன்புக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டே உன்னை உதைக்கிற அந்த ஆளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம், இத்தனை நாளாக நான் அவள் பேச்சைத் தட்டாமல் கேட்டேன் அல்லவா, அதுதான். போனில் பேசினால் பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

விசா அலுவலகத்தில் முதல் தடவை நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு ஒரே நிமிடத்தில் கைரேகை எடுத்துவிட்டார்கள். நான் விரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது, மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. முப்பது வருடம் டைல்ஸ் ஒட்டின கை, சிமெண்டும் ஆசிடும் தின்றது போக என்ன மிச்சம் இருக்கும்? அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள். திருடப் போயிருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பேன் என்றேன், அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னாள், அப்போதும் பதியாவிட்டால் மேலிடத்தில் அனுமதி வாங்க நான்கு மாதம் ஆகுமாம். உன் பிரசவத்துக்கு அப்போது பத்து வாரம்தான் இருந்தது. அம்மாவோ நீங்க இல்லாமல் விமானம் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். என் விரலால் உன் பக்கத்தில் யாருமே இல்லாமல் போய்விடுமோ என்று எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது நான் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் தரை போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பிள் டைல்ஸை நீட்டினால் அவர் டைல்ஸைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். "மூணு வாரம் சிமெண்ட்டைத் தொடாதீங்க, கை கழுவின ஈரத்தோட, சூடு காட்டாம எடுத்த வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவுங்க, படுக்கும்போது துணி உறை போட்டுக்கங்க" என்றார். எண்ணெய் மந்திரம் இல்லை, தோல் வறண்டு வெடிக்காமல் காக்கும், அவ்வளவுதான், ரேகையைத் திரும்பக் கொண்டுவருவது ஓய்வுதான் என்றும் சொன்னார். தன் தரை பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அந்த நல்ல மனசு நன்றாக இருக்கட்டும்.

கடையில் வாங்கலாம் என்றேன், அம்மா கேட்பாளா? தேங்காய் துருவி, பால் பிழிந்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தாள். நான் பொறுக்காமல் முதல் ஜாடியில் இருந்ததை வாணலியில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டேன், பழுப்பாகிப் பலகாரக் கடை வாசனை அடித்தது. அதை என் தலைக்கே தண்டனையாகக் கொடுத்துவிட்டாள். இருக்கிற நாலு முடியும் பளபளவென்று ஆகிவிட, நம் பிளம்பர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ரெண்டாவது கல்யாணமா" என்று கேட்டான். அடுத்த ஜாடியில் நான் கை வைக்கவில்லை. தண்ணீர் தனியாக, ஆடை தனியாக, எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது, அத்தனை தெளிவு. கையில் உறைக்குப் பதிலாக மாப்பிள்ளை விட்டுப்போன சாக்ஸ். அதை மாட்டிக்கொண்டு டிவி ரிமோட்டைக்கூட அழுத்த முடியாது, மூக்கு அரித்தாலும் அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும்.

உனக்கும் முடி கொட்டுகிறது, வயிற்றுத் தோல் இழுக்கிறது என்றாயே, ஒரு பாட்டில் கொண்டுவருகிறோம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடி நுனிக்குக் கொஞ்சம் தடவு போதும், வழிய வழிய வேண்டாம். புதிதாக முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் என் தலையின் போட்டோவைக் காட்டு. குளித்த ஈரத்தோடு வயிற்றிலும் பூசிக்கொள், ஆனால் அரிப்பு அதிகமானால் எண்ணெயை நம்பி இருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிடு. உங்கள் குளிரில் அது மெழுகு மாதிரி உறையும், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதே, பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

இரண்டாவது தடவை போன கூத்தைக் கேள். வாசலில் வைத்து அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று பத்து விரலுக்கும் இன்னொரு பூச்சு பூசிவிட்டாள். கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது, திரை முழுக்க ஒரே மசமசப்பு, சிவப்பு விளக்கு. "ஐயா, என்ன தடவிட்டு வந்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், அம்மா பின்னாலிருந்து தேங்காய் துருவுவதில் ஆரம்பித்து முழுச் செய்முறையும் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள், காவலாளி பொடுகுக்கு ஆகுமா என்று விசாரித்தார். இந்தத் தடவை அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன், ஒன்பது விரலும் பச்சை. வலது கட்டைவிரல் மட்டும் அடம்பிடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை அந்தப் பெண் தன் கையாலேயே என் விரலை அழுத்திப் பிடித்தாள். பச்சை! நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். அம்மா தான் அழவே இல்லை என்கிறாள், நம்பாதே. நேற்று பாஸ்போர்ட் விசாவோடு வந்துவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில் உன் வாசலில் நிற்போம்.

ரேகை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் நான் எண்ணெயை விடவில்லை, சிமெண்டையும் தொடவில்லை. "அதான் முடிஞ்சுதே, இன்னும் யாருக்கு மினுக்குறீங்க?" என்று அம்மா கிண்டல் செய்கிறாள். அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்கிறேன். நீ பிறந்த அன்று உன்னை என்னிடம் கொடுத்தார்கள், ஆசையாகக் கன்னத்தைத் தடவினேன், வெடித்துச் சொரசொரத்த என் விரல் பட்ட இடத்தில் மூன்று கீறல், நீ வீறிட்டு அழுதாய். அன்றிலிருந்து நீ நடக்கிற வரைக்கும் கையில் துண்டை விரித்துத்தான் உன்னைத் தூக்கினேன். குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உன் பிஞ்சுத் தோல் எப்படி இருந்தது என்று என் கைக்குத் தெரியாமலே நீ வளர்ந்துவிட்டாய். நேற்று என் விரலால் என் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தேன், உறுத்தவே இல்லை.

நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மாடிப்படியில் மெதுவாக இறங்கு. முக்கியமாக ஒன்று, பிள்ளையை என்னிடம் கொடுக்கும்போது துண்டை நீட்டாதே, அப்படியே கொடு.

என்றும் உன் அப்பா