அப்பா வாங்கிய இரண்டு சிப் கம்பெனிகள்

அன்புத் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர. அது மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சின்னவனுக்கு முன்பல் விழுந்த படம் வந்தது, உன் அப்பா அதைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறார். கடையை மூடச் சொல்லி எத்தனை தடவை சொல்லிவிட்டேன், யார் கேட்கிறார்கள்? டி.வி. ரிப்பேருக்கு வாரத்துக்கு ஒருத்தர் வந்தால் அதிகம், ஷேர் யோசனை கேட்கத்தான் இப்போது கூட்டம். ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவோடு ஓடிவருகிறார், முடிவெட்டுகிறவர் நாற்காலியில் ஆளை உட்காரவைத்துவிட்டு எட்டிப்பார்க்கிறார். உன் அப்பாவும் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நல்ல சிப்பா பாத்து வாங்கணும், வாங்கினா மறந்துடணும் என்று மகா மேதாவி மாதிரி அளக்கிறார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் உன் கடிதம் வரும்வரைதான். வீட்டுக்கு முன்பணம் கட்ட ஏழு வருஷமாகச் சேர்த்ததை அப்படியே ஒரே ஒரு சிப் கம்பெனி ஷேரில் போடப்போகிறேன், வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கம்பெனி சிப்பை ஆபீசில் தினமும் கையாளுகிறாயாம், அதற்கு ஈடு கிடையாதாம், அப்பா செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்கிறாய். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம், ஏய், அவகிட்ட நிஜத்தைச் சொல்லிடலாமா என்றார். சொல்லுங்களேன் என்றால், நீயே எழுது, எனக்குக் கை நடுங்கும் என்று நழுவிவிட்டார். ஸ்க்ரூ முடுக்கும்போது நடுங்காத கை!

சரி, கேள். உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒரு பெரிய ஓட்டலில் இடி விழுந்து அறுபது டி.வி. ஒரே நாளில் செத்துப்போயின, எல்லாம் நம் கடைக்கு வந்தன. வீட்டில் கால் வைக்க இடமில்லை, நீ இரண்டு டி.வி.க்கு நடுவில் படுத்துத் தூங்கினாய். அந்தக் கூலியில்தான் ஷேர் வாங்கினது. கருகவே கருகாத சிப்பைக் கண்டுபிடித்து அப்பா அந்தக் கம்பெனி ஷேரை வாங்கினார் என்றுதானே நம் வீட்டுக் கதை? அது பாதிக் கதை. அறுபது டி.வி.யையும் திறந்தபோது இரண்டு கம்பெனிச் சிப் இருந்தது. ஒன்று இடிக்கும் அசையாமல் இருந்தது, இன்னொன்று எல்லாவற்றிலும் கருகிக் கிடந்தது. உன் அப்பா கூலியைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு கம்பெனியிலும் போட்டார். நல்ல சிப் கம்பெனியில் போட்டது சரி, கருகுற கழுதைக்கு எதுக்குங்க போடணும் என்று சண்டை பிடித்தேன். அது கருகலேன்னா நமக்கு ஏதுடி பொழப்பு, நன்றி வேண்டாமா என்றார். இப்படி ஒரு மனுஷனை உலகத்தில் எங்கே தேடுவது? அந்த அசையாத சிப் செய்த கம்பெனி ஆறே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டது, ஒரு பைசா திரும்பவில்லை. நன்றிக்காக வாங்கின கருகல் கம்பெனிதான் இன்றைக்கு நாற்பத்தாறு மடங்கு. சொல்லிச் சொல்லிக் கதை எப்படியோ தலைகீழாகிவிட்டது, பெருமையாக இருந்ததால் நாங்களும் திருத்தவில்லை.

வாங்கிவிட்டு மறந்தே போனார் என்பதும் சுத்தப் பொய். அந்தக் கருகல் கம்பெனி ஷேர் எங்கள் இருவர் பேரிலும் இருந்தது, விற்க இரண்டு கையெழுத்தும் வேண்டும். இரண்டே வருஷத்தில் நாலு மடங்கு ஏறியது. வித்துடுங்க, பிள்ளை காலேஜுக்கு ஆகும் என்றேன், மாட்டேன் என்றார். அடுத்த இரண்டு வருஷத்தில் உச்சியில் இருந்த விலை பத்தில் ஒன்றாகிவிட்டது. அப்போது அவர் விற்கலாம் என்றார், நான் மாட்டேன் என்றேன். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை வரும் என்று இருவரும் வாயைத் திறப்பதில்லை. போட்ட விலைக்குத் திரும்பவே மொத்தம் பதினாலு வருஷம் ஆனது. ஏறினதெல்லாம் கடைசிப் பன்னிரண்டு வருஷத்தில்தான். போன வாரம் ஆடிட்டரிடம் கேட்டேன், இருபத்தாறு வருஷத்துக்குச் சராசரி பார்த்தால் வருஷத்துக்குப் பதினாறு சதவீதம்மா, பிரமாதம் என்றார். மூடிப்போன கம்பெனியையும் சேர்த்துப் போடுங்க என்றேன், பதின்மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சராசரியிலா குடித்தனம் நடத்தினோம்? ஒவ்வொரு வருஷமாகத்தானே நடத்தினோம்.

இப்போது சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். விலை அடியில் கிடந்த வருஷம் உனக்குப் பதினேழு. டி.வி. அட்டைப்பெட்டியில் எல்லாம் வீடு வீடாக வரைந்துகொண்டிருந்தாய், கட்டடக்கலைதான் படிப்பேன் என்றாய், காலேஜில் இடமும் கொடுத்தார்கள். உன் அப்பா விற்கிற பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, கிடைக்கிறது கிடைக்கட்டும், முதல் வருஷ ஃபீஸையாவது கட்டிடுவோம், கையெழுத்துப் போடு என்றார். அன்னைக்கு நான் சொன்னப்போ கேட்டீங்களா என்று நான் பாரத்தைத் தள்ளிவிட்டேன். மூன்று நாள் கெஞ்சினார். மூன்று நாளும் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டேன், அதற்குள் பணம் கட்டுகிற கடைசித் தேதி முடிந்துவிட்டது. உன்னிடம் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம் என்று சொன்னோம். நிரம்பவில்லை தங்கம். பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டு இரண்டு வருஷ எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் சேர்ந்தாய், அன்றைக்கு ஒரு வார்த்தை நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பாரத்தை அப்புறம் நான்தான் கிழித்தேன். அதைத்தான் ஊரெல்லாம் பொறுமை என்று புகழ்கிறது, கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை இருவரும் சண்டையில்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டு ஷேரில் பாதியை விற்றுவிட்டோம், தரகர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பணம் உன் கணக்குக்கு வரும். பரிசு என்று நினைக்காதே, அந்த வருஷம் கட்டாமல் விட்ட ஃபீஸ். முப்பத்தொன்பது ஒன்றும் பெரிய வயதில்லை, சாயங்காலக் காலேஜில் சேர்ந்தாலும் சரி, உனக்குப் பிடித்த அந்தச் சிப் கம்பெனியில் போட்டு வேடிக்கை பார்த்தாலும் சரி, உன் இஷ்டம், போனால் போகட்டும். உன் கம்பெனி ஓடுமா படுக்குமா என்று எனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் சத்தியமாகத் தெரியாது. ஆனால் நீங்கள் சேர்த்த பணத்தில் ஷேருக்காகக் கை வைக்காதே, அதில் வீட்டை வாங்கு. கோபம் வந்தால் நன்றாகத் திட்டி எழுது, பரவாயில்லம்மா என்று மட்டும் எழுதிவிடாதே.

நீங்கள் மூவரும் நூறு வருஷம் சிரித்த முகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல், நீ அனுப்பிய படத்தில் அதற்கு ஒரு கால் உடைந்து தொங்குகிறது. உன் கடிதத்தில் முன்பணத்துக்குப் பதினெட்டாம் தேதி கடைசி என்று எழுதியிருந்தாய். பதினேழாம் தேதியே கட்டிவிடு தங்கம். ஒரு கடைசித் தேதியை உனக்கு நான் தவறவிட்டது போதும்.

என்றும் உன்
அம்மா