கருகிய சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாதே, எனக்குக் கொரோனா வந்து போய்விட்டது. லாண்டரியில் இஸ்திரி போடும்போது சட்டை கருகியது என் மூக்குக்கே தெரியவில்லை. முதலாளி கத்திய பிறகுதான் பார்த்தேன். அப்படித்தான் பிடிபட்டது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னார்: "கிருமி மேல முள்ளு முள்ளா இருக்கும். அதால செல்லுல ஒட்டிக்கிட்டு உள்ள போயி, தன்ன மாதிரியே ஆயிரக்கணக்குல பெத்துப்போடும். காய்ச்சல் அது குடுக்குறது இல்ல. அத விரட்ட உங்க உடம்பு போடுற சண்டை." உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீயும் என் நன்மைக்குத்தானே கொதிக்கிறாய்!

காய்ச்சல் விட்டுவிட்டது. வாசனைதான் இன்னும் திரும்பவில்லை. உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு. தினமும் முகர்ந்து பார்ப்பேன். என்றைக்கு அதில் நீ வருகிறாயோ, அன்றைக்குத்தான் எனக்குக் குணம். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். சேலையை மறந்துபோய்த் துவைத்துவிடாதே.

உன்
இஸ்திரிக்காரன்