ஆணியில் தொங்கிய கயிறு

என் அப்பாவுக்கு,

தண்ணீர் வடிந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது நான் முதலில் பார்த்தது நம் மாடு செவலையின் கட்டுக்கயிற்றைத்தான். வீட்டின் மேற்குச் சுவர் இல்லை. கூரைத் தகரம் இரண்டு வயல் தள்ளிக் கிடந்தது. அடுப்பு இருந்த இடத்தில் முழங்கால் வரை சேறு. மாட்டுக்கொட்டகையில் ஒரே ஒரு கம்பம் நின்றது. அதன் உச்சி ஆணியில், மூன்றாக மடித்துச் சுற்றி, முனையை உள்ளே செருகி, கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டை அவிழ்த்தால் கயிற்றைத் தரையில் போடக்கூடாது, சுற்றி ஆணியில் மாட்ட வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பு. கம்பத்தில் தண்ணீர் நின்ற சேற்றுக்கோடு என் கழுத்தளவு இருந்தது. ஆணி அதற்கும் மேலே. கயிற்றில் ஒரு பொட்டுச் சேறு இல்லை, அப்பா. தண்ணீரில் நின்று மாட்டை அவிழ்க்கிற ஒருவர் கயிற்றை இப்படி நிதானமாகச் சுற்றி மாட்டுவாரா? அம்மா பார்க்கவில்லை. கூட வந்த யாருமே பார்க்கவில்லை. நான் கயிற்றை எடுத்துத் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை நடந்தது உங்களுக்கும் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும் எல்லாம் முடிந்தது என்றுதானே நினைத்தோம்? கல்வராயன் மலையில் விடிய விடியக் கொட்டியது நமக்கு எப்படித் தெரியும்? விடிந்ததும் தெருவில் கூச்சல். "ஆறு ஒடச்சிக்கினு வருது, ரோட்டுக்கு ஏறுங்க!" நீங்கள் விதைநெல் மூட்டையைத் தூக்கினீர்கள். அம்மா ரேஷன் கார்டையும் துணிகளையும் சுருட்டினாள். நான் பின்பக்கமாகப் போய்ச் செவலையை அவிழ்த்தேன். பழக்கப்படி கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினேன். மாட்டை ஏரிக்கரை மேட்டுக்கு விரட்டிவிட்டு, சுற்றுவழியாக ரோட்டுக்கு வந்தேன்.

ரோட்டில் ஊரே நின்றது. நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"செவலைய அவுத்தியா?"

"ஐயோ, இல்லீங்களே! நீங்க அவுத்தீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்."

மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினீர்கள்.

"நான் அவுத்துட்டேம்பா," என்றேன். சொன்னேன் அப்பா, சத்தியமாகச் சொன்னேன். ஆனால் நான் பேசுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீங்கள் மட்டும்தான் எப்போதும் குனிந்து காதை என் வாயருகே கொண்டுவந்து, "இன்னா பாப்பா சொன்ன?" என்று கேட்பீர்கள். அன்றைக்குக் குனிய உங்களுக்கு நேரமில்லை.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்தால் திரும்பிவிடுவீர்கள், கூப்பிடு தூரம்தானே என்று நினைத்தேன். கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிடவில்லை. நீங்கள் திரும்புவதற்குள் ஆற்றுத் தண்ணீர் தெருவை மூடிவிட்டது.

ஆணியில் கயிறு இருந்ததைப் பார்த்தீர்களா அப்பா? பார்த்தபோது, அவிழ்த்தது நான்தான் என்று புரிந்ததா?

மூன்றாம் நாள் உங்களைக் கரும்புத் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள். அதற்கு முந்தின நாளே செவலை தானாக நடந்து வந்துவிட்டது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்க வூட்டுக்காரு உசுரக் குடுத்து அவுத்து வுட்ட மாடு" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சமாதானம். அதையும் நான் பிடுங்குவதா?

நம் குத்தகை நிலம் இப்போது நிலம் மாதிரி இல்லை. கதிர் முற்றிய நெல்லின் மேல் ஆற்றுமணல் இடுப்பளவு மூடிக்கிடக்கிறது. நிலத்துக்காரர் வந்து வரப்பு இருந்த இடத்தைத் தேடிவிட்டுத் திரும்பினார். மணலை யார் அள்ளுவது, எப்போது அள்ளுவது, ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டு முருகேசன் மாமா சுவருக்கு மண் குழைத்துக் கொடுத்தார். கரண்ட் வந்துவிட்டது. வைக்கோல் போர் இருந்த தடமே இல்லை. ஊரில் யாரிடமும் வைக்கோல் இல்லை. செவலைக்கு விலா எலும்பு தெரிகிறது.

போன வாரம் மாமா ஒரு மாட்டுத் தரகரைக் கூட்டிவந்தார்.

"வித்துடு தங்கச்சி. வடக்கனந்தல் பக்கம் தீவனம் கீற வூடாப் பாத்துக் குடுக்கறேன்றாரு. இங்க இருந்தா பட்டினியில சாவும்."

"அவரே போய்ட்டாரு, அவரு காப்பாத்தன மாட்டையும் ஓட்டி வுடச் சொல்றியாண்ணா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன் பாப்பா. வாயில இன்னா பூட்டா போட்டுக்கினு கீற? மாடாவது பசிச்சா கத்துது. நீ அதுவும் இல்ல."

தரகர் சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

மணல் மூடாத புல் ஆற்றங்கரை ஓரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அம்மா தினமும் அங்கேதான் போகிறாள். கரையின் அடிமண்ணைத் தண்ணீர் அரித்துவிட்டது. மேலே பார்த்தால் பச்சையாக இருக்கிறது, கீழே வெறும் பொந்து. முந்தாநாள் இடுப்புவரை நனைந்து, முழங்கை உரிந்து வந்தாள். புல்லுக்கட்டு மட்டும் தலையில் அப்படியே இருந்தது. "கர கொஞ்சம் சரிஞ்சிடுச்சி, வேற ஒண்ணும் இல்ல," என்றாள். ஒரு தடவை நான் பேசாததற்கு நீங்கள் போனீர்கள். இரண்டாவது தடவைக்கு அம்மாவா?

இன்று காலை மலைப்பக்கம் மறுபடி கருத்திருந்தது. அம்மா அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"வேணாம்மா," என்றேன். அவள் காதில் விழவில்லை. வேகமாக நடந்தாள். ரேஷன் கடை வாசலில் ஊரே வரிசையில் நின்றது, முருகேசன் மாமாவும் நின்றார். அவர்களைத் தாண்டி ஆற்றுப்பாதையில் இறங்கிவிட்டாள்.

பையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா! மாட்ட அவுத்தது அப்பா இல்ல! நான்! நான்தாம்மா அவுத்தேன்!"

அம்மா திரும்பி வந்தாள். நான் கயிற்றை நீட்டினேன், சேறு படாத கயிற்றை. அதை வாங்கிப் பிரித்தாள், முகர்ந்தாள், திரும்பவும் சுற்றினாள். பிறகு கேட்டாள்.

"அப்பறம் எதுக்குடி அவரு போனாரு?"

அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாட்டை விற்றாலும் கயிற்றை மட்டும் கொடுத்தனுப்பக் கூடாது என்று சொல்வீர்கள். கொடுக்க மாட்டேன். அம்மாவைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் இனி கூப்பிடாமலும் இருக்க மாட்டேன், யார் பார்த்தாலும் சரி.

அவள் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டு, முன்னால் நடந்தேன், வீட்டுப் பக்கம். அம்மா பின்னால் வந்தாள்.

நீங்கள் குனிந்து கேட்ட
உங்கள் மகள்,
செல்வி