வீட்டுக்குப் போக எதுக்குட்டி பாஸ்வேர்டு?

இன்று காலை ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் என் பையைத் துழாவு துழாவென்று துழாவினார். எங்கிருந்தோ ஏதோ மிரட்டல் மெயில் வந்ததாம், பர்ஸைக்கூட விடவில்லை. ஜிப்பைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். சில்லறை, பொட்டு அட்டை, சேஃப்டி பின் எல்லாவற்றோடும் அதுவும் வந்து விழுந்தது. கறுப்பு பிளாஸ்டிக், அதன்மேல் வெள்ளையாக ஒரு 8.

“இன்னாம்மா இது, கீபோர்டு பட்டனா?” என்றார். ஆமாம் என்றேன். “ஒண்ணுத்துக்கும் ஆவாதத எதுக்கும்மா வெச்சிக்கினு சுத்துற?”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் சீட்டில் உட்கார்ந்த பிறகும் வேலை ஓடவில்லை. அவரிடம் சொல்லாத பதிலை உனக்காவது எழுதவேண்டும் போலிருக்கிறது.

தண்டலம் காலேஜில் நம்மோடு படித்தவர்கள் எல்லாம் இன்டர்ன்ஷிப்புக்குக் கண்ணாடிக் கட்டடங்களைத் தேடிப் போனார்கள். நமக்குக் கிடைத்ததோ ஒரகடத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடி. கீழே பெயின்ட் வாசனை, மேலே கம்பெனி நடத்திய சாரும் சில கம்ப்யூட்டர்களும் நாம் இருவரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ ஜன்னலைத் திறந்து ரோட்டில் வரிசையாகப் போன கம்பெனி பஸ்களைப் பார்த்தாய். “மாடியில இருந்தா என்னட்டி? நெட்டு வருதுல்லா” என்றாய். தென்காசிப் பேச்சு உன் வாயில் அப்படியே இருந்தது, நான்கு வருஷ ஹாஸ்டலும் அதை அசைக்கவில்லை.

பக்கத்து ஃபேக்டரி ஒன்றுக்கு, ஆட்கள் பஸ்ஸுக்குப் பெயர் பதியக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் செய்துதரும் வேலை நமக்கு வந்தது. அங்கே யாருக்கு ‘ஓ.டி.’, அதாவது ஓவர்டைம், என்பது சாயங்கால டீ நேரத்தில்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் எந்த ஊர் பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுக்க முடியும். துண்டுச் சீட்டில் எழுதி லைன் லைனாகக் கைமாற்றுவார்கள். ஒரு சீட்டு தவறினால் போதும், யாராவது ஒருத்தி பஸ் இல்லாமல் கேட்டில் நிற்பாள். உன் ஊர்க்காரி செல்வி அக்கா, நீ தங்கியிருந்தது அவள் அறையில்தான், அப்படி நின்று நின்று சலித்துப்போனவள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டின் ஓரமாக அவள் நடந்தே வந்த கதையை நீ முதல் நாளே எனக்குச் சொன்னாய்.

“இன்டர்ன் ப்ராஜெக்ட் தானேம்மா, ஒரு டெமோ காட்டினா முடிஞ்சிது” என்றார் சார். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “டெமோவுக்கு இல்ல சார். அக்கா பஸ்சு ஏறணும்” என்றாய். நாம் செய்வது காலேஜ் ரிப்போர்ட்டோடு குப்பைக்குப் போகக்கூடாது, நிஜமான யாராவது ஒருவர் தினமும் அதைத் தொடவேண்டும் என்ற வெறி அன்றைக்கே எனக்கும் தொற்றிக்கொண்டது.

வெறி இருந்தது, அறிவுதான் கொஞ்சம் பின்தங்கி வந்தது. லாகின் பக்கத்தை நான்தான் எழுதினேன். திரையில் பெட்டிகளின் மூலையை வளைப்பது அப்போது லேசான காரியமில்லை, வளைத்துக் காட்டினேன். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஏதாவது ஒரு குறியும் வேண்டும். உள்ளே போனால் இந்தப் பக்கத்து ஊர்கள் அத்தனையும் ஒரே நீளப் பட்டியலாகச் சரியும். கடைசியில் ‘விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வேறு. நட்சத்திரம் உன் கைங்கரியம், மறுக்காதே.

முதல் சோதனை நாள் நினைவிருக்கிறதா? லைன் முடியும் இடத்தில் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரர்களைப் போல வாசலில் நின்றோம். டீ பெல் அடித்தது. முதல் ஆளாகச் செல்வி அக்கா வந்தாள். இரண்டு கையிலும் காட்டன் கிளவுஸ், மணிக்கட்டில் இறுக்கமாக டேப். டேப்பைப் பிய்த்துக் கழற்றி மறுபடி மாட்டுவதற்குள் டீ நேரமே போய்விடும். கிளவுஸோடு பாஸ்வேர்டு அடித்தாள். தப்பு. மறுபடி அடித்தாள். அதுவும் தப்பு. எப்படியோ உள்ளே போய் மவுஸைத் தள்ளினால், பட்டியல் வழுக்கிக்கொண்டு அவள் பெயரே கேள்விப்படாத ஊரில் போய் நின்றது.

“அக்கா, டீ ஆறிப்போவுது, வாக்கா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வரிசை கலைந்தது. ஒருவர்கூட அமுக்கவில்லை.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் பழைய துண்டுச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். “இன்னாம்மா, கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு ஆளுங்க டீயக் கெடுத்துக்கினு கீறீங்க. இன்னும் ஒரே ஒரு வாட்டி பாப்பேன். அப்பால பொட்டிய எடுத்துக்கினு போய்டணும்” என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. நீயோ செல்வி அக்காவிடம் பழைய கிளவுஸைக் கேட்டு வாங்கினாய். ஷேர் ஆட்டோவிலேயே அதை மாட்டிக்கொண்டு, என் பட்டன் போனைப் பிடுங்கி அமுக்கிப் பார்த்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் ஆபீஸில் என் கையில் கிளவுஸை மாட்டி, டேப்பும் சுற்றி, “உள்ள போ பாப்போம்” என்றாய். நானே எழுதிய பக்கம், நானே வைத்த பாஸ்வேர்டு. தப்பு, தப்பு, தப்பு. கடைசியில் அது என்னை உள்ளே விடாமல் பூட்டிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் கேட்டாயே, அதை இன்னும் என் காது மறக்கவில்லை.

“ஏட்டி, வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குட்டி பாஸ்வேர்டு?”

அதன் பிறகு ஒரே அமர்க்களம். லாகினைத் தூக்கினோம். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை ஸ்கேனரின் சிவப்பு லைட்டில் காட்டினால் போதும் என்றாக்கினோம். அந்த லைனில் இருந்தவர்கள் நான்கே பஸ்களில்தான் போனார்கள், பட்டியலைத் தூக்கினோம். மவுஸைத் தூக்கினோம். எண்கள் மட்டும் இருக்கும் குட்டிக் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தோம். கிளவுஸ் விரலோ தடியாக இருந்தது. “ஒண்ண அமுக்குனா பக்கத்துலதும் சேந்துல்லா அமுங்குது” என்று கொஞ்ச நேரம் அதையே முறைத்தாய். திடீரென்று கீழே ஓடி, ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை இரவல் வாங்கி வந்தாய்.

டக் டக்கென்று பட்டன்கள் தெறித்தன. சார் பதறிக்கொண்டு வந்தார். “கீபோர்ட ஏம்மா ஒடைக்கிற?”

“ஒடைக்கல சார். வேண்டாதத எடுத்துப் போடுதேன்.”

நான்கு மூலையில் நான்கு பஸ், நடுவில் 5 மட்டும் ஓ.டி.க்கு. மிச்சமெல்லாம் வெறும் ஓட்டை. பொக்கை வாய்க் குழந்தை சிரிப்பதைப் போல இருந்தது அந்தக் கீபோர்டு. பிடுங்கியதில் 2-ஐ நீ வைத்துக்கொண்டாய், 8-ஐ என் கையில் திணித்தாய். கடைசியாக அந்த அறிவிப்பையும் அழித்தாய், நட்சத்திரங்களோடு. அந்த இடத்தில் பெரிய எழுத்தில் இரண்டே வார்த்தை எழுதினாய். ‘பஸ் இருக்கு.’

இரண்டாவது சோதனை நாள், டீ பெல் அடித்தது. செல்வி அக்கா கார்டைக் காட்டினாள். பீப். கிளவுஸோடு 7-ஐ ஒரு தட்டு. திரை முழுக்கப் பச்சை, ‘வல்லக்கோட்டை. பஸ் இருக்கு.’ நடந்த வேகம் குறையாமல் டீக்குப் போய்விட்டாள். அடுத்தவள் தட்டினாள், அதற்கடுத்தவள் தட்டினாள். ஒருத்தி தப்பாகத் தட்டி, மறுபடி கார்டைக் காட்டிச் சரிசெய்துவிட்டுச் சிரித்தபடி போனாள். பீப், பீப் என்று லைன் முழுவதும் தட்டி முடித்த பிறகும் டீ நேரம் மிச்சமிருந்தது.

ஆனாலும் ஷிப்டு விடும்வரை உனக்கு நிலைகொள்ளவில்லை. கேட்டில் போய் நின்றோம். எல்லாரும் ஏறினார்கள், யாரும் மிஞ்சவில்லை. செல்வி அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “எட்டி, உக்கார எடமே கெடச்சிருக்கு!” என்று கத்தினாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் புழுதியில் குதித்தாய். சூப்பர்வைசர் சீட்டுக்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பொட்டி இங்கியே இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு வந்த சந்தோஷம், பிறகு எந்தச் சம்பள உயர்வுக்கும் எனக்கு வரவில்லை.

அதே வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். பிறகு, நீ இல்லை என்று உன் அப்பாவின் போன்தான் வந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமல் அப்படியா போவார்கள்?

போன வாரம் செல்வி அக்கா பேசினாள். இப்போது அவளே அந்த லைனுக்கு லீடர். கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்களாம், திரையையும் மாற்றிவிட்டார்களாம். புதுக் கீபோர்டு வந்தபோது மட்டும் அவளே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து பட்டன்களைப் பிடுங்கினாளாம். “அந்த பஸ் இருக்குங்கிற எழுத்த மாத்தவான்னு கேட்டானுவ. கை வைக்கப்படாதுன்னுட்டேன்” என்றாள்.

இன்று மதியம், மருத்துவமனை டோக்கனுக்காக நான் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்தேன். பெயரும் டாக்டரும் போக மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கை துறுதுறுத்தது, நீ பக்கத்தில் நின்று டக் டக்கென்று பிடுங்குவதைப் போலவே இருந்தது. பிறகு மணியைப் பார்த்தேன், ஒரகடத்தில் டீ பெல் அடிக்கும் நேரம். உன்னைப் பார்த்தே இராத பெண்கள் வரிசையில் வந்து தட்டுவார்கள். ஒவ்வொருத்தியிடமும் நீ ‘பஸ் இருக்கு’ என்று சொல்வாய்.

8-ஐப் பர்ஸில் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன். நாளைக்கும் அந்த அண்ணன் கேட்டால், வீட்டுக்குப் போக வழிவிட்ட பட்டன் என்று சொல்லப்போகிறேன்.