குடம் நிறைந்தால் கூப்பிடும் பெட்டி

வண்டியூர்
18.9.2025

பவதாரிணி அப்பாவுக்கு முருகம்மாள் எழுதுவது.

நான் இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நம் பிள்ளை பவாவின் காரியம் முடிந்த கையோடு உங்கள் அண்ணனுடைய ரைஸ் மில்லுக்குப் போனீர்கள், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திருமங்கலம் ஒரு பஸ் தூரம்தான், அதற்குப் போய் லெட்டரா என்று மில்லில் சிரிப்பார்கள். போனில் நான் அழுதால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். பேப்பரை அப்படி வைக்க முடியாது.

பவாவின் கம்ப்யூட்டர் டீச்சர் சாருலதா வந்திருந்தார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த நீலப் பெட்டியைக் காலாண்டு லீவு முடிந்ததும் திருப்பித் தர வேண்டுமாம். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெட்டி. இவள் ஜோடி முத்துமீனா வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாளாம்.

அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை. சின்னச் சின்னப் பலகைகள், ஒன்றில் ஒன்று செருகிக்கொள்ளும். ஒன்று விளக்கு, ஒன்று சத்தம், நடுவில் இருப்பதுதான் மூளை என்பாள். அந்த மூளைக்கு வேண்டியதைப் பள்ளிக்கூடத்திலேயே எழுதி ஏற்றிக் கொண்டுவந்தாள். ஒயரைக் குடத்துக்குள் தொங்கவிட்டால், தண்ணீர் நிறைந்ததும் கத்தும். இரண்டு சின்னச் சத்தம், ஒரு நீளச் சத்தம். "யம்மா, நீ உள்ள வேலையப் பாரு. நெறஞ்சா நான் கூப்புடுறேன்" என்றாள்.

இப்போதும் தினமும் கூப்பிடுகிறது. எப்படிக் கொடுப்பேன்?

முருகம்மாள்

திருமங்கலம்
24.9.2025

முருகம்மாளுக்கு,

அந்தப் பெட்டியைக் கொடுத்துத் தொலை. அதை வாங்கத்தானே பிள்ளை காய்ச்சலோடு பள்ளிக்கூடம் கிளம்பினாள்? "இன்னைக்குப் போகாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்று அவள் அழுதாள், நீயும் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினாய். அந்தக் காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோனது. எழவு வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். நீ அனுப்பாமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பாள். அது அங்கே கத்திக்கொண்டிருக்கும் வரை என்னால் வர முடியாது.

கருத்தக்கண்ணன்

வண்டியூர்
3.10.2025

பவதாரிணி அப்பாவுக்கு,

இனி நீங்கள் வரலாம். பெட்டி கத்தாது.

ஒரு வருசத்துக்கு நமக்கு நல்லநாள் கிடையாது, தெரியும். ஆயுத பூசை அன்று பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினிகூட, "எழவு விழுந்த வீட்டுல சந்தனம் எதுக்குடி?" என்று தடுத்தாள். வருசா வருசம் தன் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் என் அரிவாள்மணைக்கும் பவாதான் பொட்டு வைப்பாள். இந்த வருசம் அவள் பெட்டிக்கு யார் வைப்பது? ஈரத்துணியால் ஒவ்வொரு பலகையாகத் துடைத்தேன். பேட்டரியைக் கழற்றணும் என்று எனக்குத் தெரியாது. நடுப் பலகையில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தை வைத்தேன். விளக்கு ஒருதரம் மினுக்கி அணைந்தது. சாயங்காலம் குடம் நிறைந்து தெருவெல்லாம் ஓடியது. தெருவே சத்தம் போட்டது, பெட்டி போடவில்லை.

நீங்கள் சொன்னது சரிதான் போல. முதலில் மாத்திரை, இப்போது சந்தனம். நல்லதுக்கு என்றுதான் இந்தக் கை இரண்டையும் செய்தது.

முருகம்மாள்

திருமங்கலம்
8.10.2025

முருகு,

உன் லெட்டரை மில் வாசலில் நின்றே படித்தேன். அன்றைக்கு யாரையாவது சொல்லணும் போல இருந்தது. பக்கத்தில் நீ இருந்தாய். சொல்லியிருக்கக் கூடாது.

இங்கே மோட்டார் பார்க்கிற பால்பாண்டியிடம் கேட்டேன். "அரிசிக்குள்ள பொதச்சு வைங்கண்ணே, ஈரத்த இழுத்துரும். அரிசிக்கா இங்க பஞ்சம்?" என்கிறான். தீபாவளிக்கு மில் லீவு. ஒரு பை அரிசியோடு வரட்டுமா?

கண்ணன்

வண்டியூர்
14.10.2025

பவதாரிணி அப்பாவுக்கு,

அரிசி வேண்டாம். பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் திட்டவில்லை. நடுப் பலகையை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகினார்கள். "இவ்ளோதாம்மா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு." பவா எழுதியது பழைய பலகையோடு போய்விட்டது. முத்துமீனா புதிதாக எழுதி, வாளியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ஒரே நீளச் சத்தம்.

"அத்தை, பவா வச்ச மாதிரியே மாத்தித் தரவா?"

"வேணாம்த்தா. ஒன் சத்தமாவே இருக்கட்டும்."

பழைய பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். பொட்டு இன்னும் அழியவில்லை.

நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை அப்படி உருவ முடியுமா, தெரியவில்லை. மனசு ஆறிவிட்டது என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் ஓடவில்லை.

தீபாவளி நமக்கு இல்லை. ஆனாலும் வாருங்கள். குழாயில் சாயங்காலம்தான் தண்ணீர் விடுகிறார்கள். நான் உள்ளே உலை வைத்துக்கொண்டிருப்பேன். குடம் நிறைந்தால் கூப்பிட இப்போது ஆளில்லை. நீங்கள்தான் வாசலில் நின்று பார்க்கணும்.

முருகம்மாள்